சம்மதம் நெறைய இருக்குதுங்க

அந்த டிக்கைப் போட்டது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விசாரணை, சாட்சி என்று யாரும் சிரமப்பட வேண்டாம்.

உடுமலையில் எங்கள் குரல் மையம் இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேசுகிற இயந்திரம் எதுவானாலும், பஸ் நிலைய அறிவிப்பு, ஆஸ்பத்திரி டோக்கன் பெட்டி, கல்யாண மண்டப ஒலிபெருக்கி என்று எதுவானாலும், வாயைத் திறக்கும் முன் எங்கள் சர்வரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும். எவ்வளவு சத்தம், எந்தச் சொல் கூடும், எந்தச் சொல் கூடாது. இந்த விதிகளுக்குப் பாலிசி என்று பெயர். அவற்றை எழுதுவது என் வேலை. பெயர் நாட்ராயன். பதினெட்டு வருட அனுபவம். ஒரே தப்பைப் பதினெட்டு விதமாகச் செய்யத் தெரியும்.

விஷயம் ஒரு சாம்பாரில் ஆரம்பித்தது. மண்டபம் ஒன்றில் தாலி கட்டுகிற நிமிடத்தில், பந்திக் கூடத்துக்கு மட்டும் போக வேண்டிய "சாம்பார் தீர்ந்துவிட்டது" என்ற அறிவிப்பு மேடை ஒலிபெருக்கியில் கணீரென்று ஒலித்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் மண்டபக்காரர் என்னிடம் ஓடிவந்தார்.

"நல்ல காரியம் நடக்கற எடமுங்க. தீந்துபோச்சு, இல்ல, முடியாது, போ... இந்த மாதிரி வார்த்தையே வரக்கூடாதுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'மங்கல மொழி' என்று பெயரும் வைத்தேன். 'தீர்ந்தது' வந்தால் 'நிறைந்தது'. 'முடியாது' என்பதற்கு 'பார்க்கலாம்'. 'வேண்டாம்' என்றால் 'மனசு நிறைஞ்சிருக்கு'. 'இல்லை' வருகிற இடத்தில் 'நிறைய இருக்கிறது'. வசவுகள் எல்லாவற்றுக்கும் பாராட்டு. எழுதியதை நானே மூன்று முறை படித்து ரசித்தேன்.

எங்கள் பாலிசிகள் மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கிளையில் மாட்டியது அந்தக் கிளையை மட்டும் ஆளும். அடிமரத்தில் மாட்டினால் எல்லாக் கிளைக்கும் போகும். 'மண்டபங்கள்' என்ற கிளையில் மாட்ட வேண்டியதை நான் அடிமரத்தில் மாட்டினேன். போதாததற்கு 'கட்டாயம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். கட்டாயம் என்றால் எந்தக் கிளையும் மறுக்க முடியாது. அந்த நேரத்தில் என் இன்னொரு கையில் வடை இருந்தது. கவனம் அந்தக் கையில் இருந்தது.

பஸ் நிலையத்தில், "பழனி செல்லும் பேருந்து இன்று நிறைய இருக்கிறது" என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில், "கண் மருத்துவர் இன்று நிறைய இருக்கிறார்" என்றது டோக்கன் பெட்டி. அதை நம்பிச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. வேறு ஊராக இருந்தால் அரை மணியில் சட்டையைப் பிடித்திருப்பார்கள். கொங்குச் சீமையில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. ஆகவே ஒன்பது நாள் ஓடியது.

புகார் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். புகார் எண்ணில் பதிவு செய்வதும் எங்கள் இயந்திரம்தான். அது ஒவ்வொரு வசவையும் பாராட்டாக மாற்றிக் கோப்பில் போட்டது. மையத்தின் வரலாற்றில் முதல்முறையாகப் புகார் எண்ணிக்கை பூஜ்யம். மேலாளர் அமுதவல்லி மேடம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, ஒரு பெண்மணி என் மேஜைக்கு முன் வந்து நின்றார். நாற்பது வயதுக்குச் சற்று மேல். கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை. அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர், பெயர் சுகன்யா. மூன்று வருடம் முன்பு தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டை தொண்டைத் தசை அசைவதைப் படித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். அதுவும் எங்கள் சர்வரைக் கேட்டுக்கொண்டுதான் பேசும். இப்படிப் பட்டை அணிந்தவர்கள் எங்கள் எல்லைக்குள் இருநூற்றுச் சொச்சம் பேர்.

"உங்க சேவை ரொம்ப நெறைவா இருக்குதுங்க," என்றார். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

"அதெல்லாம் எங்க கடமைங்க டீச்சர்," என்று நான் குழைந்தேன். மைசூர்பாகு வேறு வாயில்.

அவர் முகம் பாராட்டுகிற முகமாக இல்லை. கைப்பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினார்.

'நீங்க நாசமாப் போகோணுமுங்க.'

வாசித்தேன். நிமிர்ந்தேன்.

"இன்னொருக்கா வாயால சொல்லுங்க டீச்சர்."

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க," என்றது பட்டை, தேன் ஒழுக.

மைசூர்பாகு தொண்டையில் நின்றுவிட்டது. திரையைத் திறந்தேன். அடிமரத்தில் மங்கல மொழி. பக்கத்தில் என் டிக், பச்சைப் பசேலென்று. புகார்க் கோப்பைத் திறந்தேன். சுகன்யா டீச்சர் பதினோரு முறை அழைத்திருந்தார். பதினொன்றும் நற்சான்றிதழ்.

அவர் எழுதிக்கொண்டே போனார். நான் தலைகீழாக வாசித்துக்கொண்டே போனேன். வகுப்பில் பையன் ஏழெட்டு அறுபத்தி நாலு என்றால் "நெறைவா இருக்குது கண்ணு" என்கிறதாம் பட்டை. அதைப் பொறுத்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருக்கிறார். அப்பா விட்டுப்போன வீட்டில் இருவருக்கும் பாதிப் பாதி. டீச்சர் அதில்தான் இருக்கிறார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அங்கேதான். அண்ணனுக்கு இடித்துவிட்டுக் காம்ப்ளக்ஸ் கட்ட வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு, என் வீட்டு மாடியில் ஒரு ரூம் தருகிறேன் என்றாராம்.

'சம்மதம் இல்லன்னு சொன்னேன்,' என்று எழுதினார் டீச்சர். 'சம்மதம் நெறைய இருக்குதுன்னு சொல்லுச்சு.'

"தலையை ஆட்டியிருக்கலாமே டீச்சர்?"

'ஆட்டினேன். கூச்சப்படறான்னு அண்ணி சிரிச்சாங்க. எழுதிக் காட்டினேன். வெளையாடாத அம்மிணின்னு அண்ணன் சிரிச்சுது.'

பதிவு இன்றைக்குத்தான். பத்து பத்துக்கு டோக்கன். கையெழுத்தைப் போட்டுத் தருகிற இயந்திரங்கள் தெருவுக்குத் தெரு வந்த பிறகு பத்திரப் பதிவில் கையெழுத்துக்கு மதிப்பில்லை. குரல்தான் சாட்சி. அலுவலர் கேட்பார், வாயால் சொல்ல வேண்டும், பதிவாகிவிடும். இன்று போகாமல் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அண்ணன் போனில் பதிந்து வைத்திருக்கிறார். தங்கை நேரில் மறுத்தால்தான் அது செல்லாது.

"ரெண்டு நிமிஷம் டீச்சர். எடுத்துடறேன்."

அதற்கு முறைப்படி அனுமதி வேண்டும். மேலாளர் அறைக்கு ஓடினேன்.

"மேடம், மங்கல மொழியை அடிமரத்துல தப்பா மாட்டிட்டேன். எடுத்துடட்டுங்களா?"

அமுதவல்லி மேடம் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "செவ்வாய்க்கெழம செயலர் வர்றாரு ராயன். புகாரே வராத மையம்னு பாராட்ட வர்றாரு."

"புகார் வருதுங்க மேடம். பாராட்டு வேஷத்துல வருது."

"ம்ம்."

"எடுக்கட்டுமா, வேண்டாமா மேடம்?"

"பாக்கலாம் ராயன்."

மேடம் கழுத்தில் பட்டை எதுவும் கிடையாது. அவருக்கு அந்தப் பாலிசி பிறவியிலேயே மாட்டியிருந்தது.

அவர் பார்க்கட்டும் என்று நான் வந்து நீக்கு பொத்தானை அழுத்தினேன். மங்கல மொழி மறைந்தது. டீச்சரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். ஒரு நிமிடம் கழித்துத் திரையில் மங்கல மொழி மறுபடியும் உட்கார்ந்திருந்தது, டிக்கோடு.

மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை நீக்கிவிட்டுத் திரையை முறைத்தேன். அது என் முறைப்புக்கு மசியவில்லை.

டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். 'எங்கிருந்து வருது?'

"எங்களுக்கு ரெண்டு சர்வர் டீச்சர். இது உடுமலை. தாராபுரத்துல இன்னொண்ணு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு வேலை செய்யோணும், அதனால ரெண்டும் ஒரே பட்டியலை வெச்சிருக்கும். இங்க ஒண்ணு சேத்தா அதுவும் சேத்துக்கும். நீக்குனாத்தான் தகராறு. யாரு பட்டியல் புதுசுன்னு பாக்கும். புதுசு எதுவோ அது செல்லும்."

'நீங்க இப்பத்தானே நீக்கினீங்க. உங்களதுதானே புதுசு?'

"அதுதான் எனக்கும் புரியலைங்க."

அவர் பேனாவால் திரையின் ஒரு மூலையைத் தட்டினார். தாராபுரம், பட்டியல் புதுப்பித்த நேரம்: 11.12.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 9.42. என்னைப் பார்த்தார். கரும்பலகை முன் நின்று விடை தெரியாமல் முழித்த பழைய நாள்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

தாராபுரத்துக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் எப்போது நீக்கினாலும் அதன் பட்டியல்தான் புதிது. எந்த மடையன் இப்படி வைத்தான் என்று மாற்றங்களின் பதிவேட்டைத் தோண்டினேன். மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. மாற்றியவர்: நாட்ராயன்.

அப்போதுதான் நினைவு வந்தது. தாராபுரம் சர்வரின் திறப்பு விழா. திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். காத்திருக்க அவருக்கு நேரமில்லை. ராகு காலத்தில் பொத்தானை அமுக்க மனமும் இல்லை. "மணி என்னன்னு இந்தப் பொட்டிக்கு எப்படியப்பா தெரியும்?" என்றார். "நாம சொல்றதுதானுங்க," என்றேன். "அப்ப பன்னெண்டுன்னு சொல்லு." சொன்னேன். கைதட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். திருப்பி வைக்க மறந்தேன். மூன்று வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் எதையும் நீக்கியதே இல்லை. பாலிசிக்கு மேல் பாலிசி சேர்ப்பது மட்டும்தான் எங்கள் வழக்கம்.

"அந்தக் கடிகாரத்தை இங்கிருந்து தொட முடியாதுங்க டீச்சர். நேர்ல போகோணும். ஒரு மணி நேரம் ஆகும்."

டீச்சர் இரண்டு நொடிகூட யோசிக்கவில்லை. 'உங்க கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் முன்னாடி வைங்க.'

என் பதினெட்டு வருட அனுபவம் அந்த ஒரு வரியை எழுந்து நின்று பார்த்தது. வைத்தேன். நீக்கினேன். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம். வரவில்லை. சர்வரைப் பொறுத்தவரை மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. எங்களைப் பொறுத்தவரை பத்துக்கு இரண்டு நிமிடம்.

"போச்சுங்க டீச்சர்! ஆனா பட்டைக்குத் தகவல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். உங்களது..." பார்த்தேன். "பத்து பத்தொம்பதுக்கு எடுத்துக்கும். பட்டைல வெளக்குப் பச்சையாகும். அதுவரைக்கும் வாயே தொறக்காதீங்க. ஆஃப் பண்ணிப் போட்டாலும் பழைய நகல்லதான் முழிக்கும்."

எழுந்தவரிடம், "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றேன். "இந்தக் கோளாறுக்கு முந்தி உங்கண்ணன் இதே கேட்டப்ப இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா? அந்தப் பழைய பதிவு இருந்தா எடுத்துக்கிட்டுப் போலாம், சாட்சிக்கு ஆகும்."

அவர் நோட்டைப் பைக்குள் வைப்பதில் மும்முரமானார்.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். தளி ரோட்டில் இரண்டாம் முறை கேட்டேன். "டீச்சர், முந்தி எப்பவாச்சும்..." அவர் முன்னால் யாருமே இல்லாத ரோட்டில் நீளமாக ஹாரன் அடித்தார்.

பதிவு அலுவலகத்தில் அண்ணன் கதிர்வேல் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் தங்கைக்கென்று வாங்கிய இளநீர். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

"வா அம்மிணி. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள முடிச்சு..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "நெறவேத்திப் போடலாம்."

அலுவலர் பத்திரத்தைப் படித்து முடித்தபோது பத்து பதினைந்து. "அம்மா, வீட்டுல உங்க பாதியை அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கச் சம்மதமா? மைக்கைப் பாத்து வாயால சொல்லுங்க."

பட்டையில் விளக்கு மஞ்சள். டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சொல்லு அம்மிணி."

நான் முன்னால் பாய்ந்தேன். "சார், நான் குரல் மையத்துல இருந்து வர்றேன். மைக்கை ஒருக்கா சோதிக்கோணுமுங்க." அவர் பதில் சொல்லும் முன் மைக்கைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று ஆரம்பித்தேன்.

இருபது வரை அலுவலர் பொறுத்தார். நாற்பதில் கண்ணாடியைக் கழற்றினார். "எதுவரைக்கும் எண்ணுவீங்க?"

"மைக்குக்குத் திருப்தியாகற வரைக்குமுங்க. நாப்பத்தி ரெண்டு."

"எங்க பாட்டன்கூட இவ்வளவு மெதுவா எண்ணமாட்டாருங்க," என்றார் கதிர்வேல்.

எழுபத்தொன்றில் விளக்குப் பச்சையானது. அதே நேரம் என் போன் அதிர்ந்தது. அமுதவல்லி மேடம். "ராயன்! புகார் வருது! ஒரே நிமிஷத்துல அறுபது புகார்! கேக்கவே முடியல!" எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. பாலிசி ஒழிந்தது. இனி டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதுதான்.

அவர் திறக்கவில்லை.

விளக்கைச் சாடையாகக் காட்டினேன். கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு பிரியும், மூடிக்கொள்ளும். பத்து இருபத்தி மூன்று. பத்து இருபத்தி நான்கு. கதிர்வேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எதையோ இன்னும் தப்பாக மாட்டியிருக்கிறேன் என்று மனசுக்குள் மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஏறி இறங்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. சர்வரில் எந்தத் தடையும் இல்லை.

"அம்மா?" என்றார் அலுவலர்.

"எனக்கு..." என்றது குரல். நின்றது. அவர் நெற்றியில் வேர்வை. "எனக்குச் சம்மதம் இல்லீங்க."



கதிர்வேல் தங்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏனுங்க, மிசினு கெட்டுப்போச்சாட்ட இருக்குது. சித்த சரி பண்ணுங்க."

"இப்பத்தானுங்க சரி பண்ணுனேன்," என்றேன்.

"மிசினு இல்லீண்ணா, நாந்தான்," என்றார் டீச்சர். இரண்டாவது 'இல்லை' கொஞ்சம் சுலபமாக வந்தது. "அந்த வீட்ட விட்டு நான் வரமாட்டேன். மாடி ரூம் எனக்கு வேண்டாம்."

அண்ணன் கையில் இளநீர் சாய்ந்து தரையில் ஒழுகியது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது திகைப்புதான். "ஆறு வருசமாக் கேக்கறேன் அம்மிணி. ஒருக்கா, ஒரே ஒருக்கா இல்லைன்னு சொல்லியிருந்தா நான் மறுக்கா கேட்டிருப்பனா? என்னைப் பாத்தா உனக்கு அப்படியா தெரியுது?"

கதிர்வேல் இளநீரை மேஜையில் வைத்துவிட்டு, தங்கையின் பக்கமாக நகர்த்திவிட்டு, வெளியே போனார். அலுவலர் 'மறுப்பு' என்று பதிந்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மணி பத்து இருபத்தொன்பது. ராகு காலத்துக்கு ஒரு நிமிடம் முன்பே நல்ல காரியம் நடந்துவிட்டது.

வெளியே வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது. எனக்கு மையத்துக்குத் திரும்பப் பயம்; அங்கே மணி பன்னிரண்டரை, மேடத்துக்கு மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தையும் மீறி என் வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், மூணாவது தடவையாக் கேக்கறேன். சாட்சிக்காக இல்ல, எனக்காக. இந்த ஆறு வருசத்துல, என்னோட சர்வர் உங்க வாயைக் கட்டறதுக்கு முந்தி, அண்ணன்கிட்ட ஒருக்காவாவது இல்லைன்னு சொன்னீங்களா?"

அவர் போட எடுத்த ஹெல்மெட்டை ஸ்கூட்டர் மேல் வைத்தார். பட்டையில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஒருக்காக்கூட இல்லீங்க. பள்ளிக்கூடத்துல சொல்லுவேன், கணக்குத் தப்புன்னா. வீட்டுல இந்தப் பட்டை போட்டப்பறமும் சொன்னதில்லீங்க, சொந்தத் தொண்டை இருந்த முப்பத்தெட்டு வருசமும் சொன்னதில்லீங்க. பாக்கலாமுன்னுதான் சொல்லுவேன். நீங்க பூட்டுப் போட்ட பொறகுதாங்க, அப்படியொரு வார்த்தை உள்ள கெடந்து முட்டுதுன்னு எனக்கே தெரிஞ்சுது."